பார்க்காத இரண்டாம் பாதி

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம். இடம் பெரம்பலூர். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். நான் படம் எடுப்பேன், அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் போடுவாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மற்ற மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது. ஆடி பிறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிற நாலு பேரை நம்பி எவ்வளவு நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது?

அதற்கு முந்தின வருடம் இப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் யூட்யூபில் ஒரு சேனல் ஆரம்பித்தேன். பெரிய சேனல்காரர்கள் செய்கிற அதே வேலைதான். புதுப்படம் வந்தால் தியேட்டரில் போய் நின்று, மைக்கை நீட்டி, "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பது. பெரம்பலூரோடு நிற்காமல் அரியலூர் வரைக்கும் பைக்கில் போய் எடுத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் நின்றாலும் போட்டோகிராபரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மைக்கைப் பிடித்தவுடன் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். சென்னையில் படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் கேமராவைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. ரயில் இல்லாத ஊர். தியேட்டர் கதவு திறந்ததும் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். குன்னம் பக்கம் போகிறவர்களும் துறையூர் ரோட்டில் போகிறவர்களும் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளைமாக்ஸே பார்ப்பார்கள். மைக்கை நீட்டினால், "பஸ்ஸு போயிடும்ங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி இடைவேளை. அப்போது எல்லாரும் பப்ஸும் டீயுமாக ஓய்வாக நிற்பார்கள். பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கும். முதல் பாதியைப் பற்றி ஒரு கேள்வி, இரண்டாம் பாதியைப் பற்றி ஒரு கேள்வி. "முழுப் படமும் பாத்த மாதிரி சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிடுவேன். யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பார்க்காத இரண்டாம் பாதியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் பேசுகிற தைரியம் இருக்கிறதே, படத்தை எடுத்த டைரக்டருக்கே வராது. கிளைமாக்ஸில் தன்னை அறியாமல் அழுதுவிட்டேன் என்று வாயில் பப்ஸோடு சொன்னவரெல்லாம் உண்டு. படம் முடிவதற்கு முன்பே என் வீடியோ நெட்டில் ஏறிவிடும். இதில் ஏமாற்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாதானே, இரண்டு வாரம் ஓடிவிட்டுப் போகப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அந்த ஆடியில் ஒரு அடிதடிப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்திலேயே கதாநாயகன் வெட்டிய ஆட்களை எண்ண முடியாது. இரண்டாம் பாகத்தில் அதைவிட அதிகம் என்று ட்ரெய்லரிலேயே தெரிந்தது. அந்த ட்ரெய்லரில் மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்றைக் கதாநாயகன் ஓட்டிக்கொண்டு வந்து, உடைந்த பாலத்தைத் தாண்டிப் பறக்க விடுவான். அதை எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நான் போனபோது தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை.

இடைவேளையில் ஏழெட்டுப் பேரிடம் பேசிவிட்டேன். எல்லாம் கத்தல், விசில். புதிதாக ஒன்றுமில்லை. அப்போதுதான் டீ கப்போடு ஓரமாக நின்ற அவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை. இளவட்டங்களுக்கு நடுவில் இப்படி ஒருவர் பேசினால் தனியாகத் தெரியும் என்று அவர் பக்கம் போனேன். கேமராவை ஓட விட்டபடியே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்கூல் வேன் ஓட்டுறேன் தம்பி. புள்ளைங்கள காலைல எறக்கி வுட்டுட்டு அப்படியே வந்துட்டேன். இனிமே சாயந்திரம் போனா போதும்" என்றார்.

எனக்குள் பல்பு எரிந்தது. ட்ரெய்லரில் வேன், மைக் முன்னால் வேன் டிரைவர். இரண்டாம் பாதியில் வரும் வேன் சீன் எப்படி இருந்தது என்று சொல்லச் சொன்னேன். அவர், "இன்னும் பாக்கலியே தம்பி" என்றார். நான் விடவில்லை. "எல்லாரும் இப்படித்தாண்ணே சொல்றாங்க. முழுப் படமும் பாத்த மாதிரி சும்மா அடிச்சு விடுங்க."

அவர் சிரித்தார். டீ கப்பைக் கீழே வைத்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"முதல் பாதியவிட ரெண்டாவது பாதி டபுள் மாஸுங்க. அதுலயும் அந்த ஸ்கூல் வேன் சீன் இருக்கு பாருங்க, இருவது வருசமா வேன் ஓட்டுறேன், அப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. அதுக்காகவே புள்ளைங்கள கூட்டிட்டு வந்து பாக்கணும்!"

அதற்குள் இடைவேளை முடிந்து பெல் அடித்தது. "பெல்லு அடிச்சுட்டான் தம்பி, வேன் சீன் போயிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். நான் ஸ்டுடியோவுக்கு வந்து, அவர் சிரித்ததையும் ஓடியதையும் வெட்டிவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். வேன் டிரைவரையே மிரள வைத்த காட்சி என்று தலைப்புப் போட்டு, அவர் முகத்தைப் பெரிதாக வைத்து ஏற்றினேன். படத்தின் இரண்டாம் பாதியை நானும் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயந்திரம் ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது. அதிலிருந்து அவர் இறங்கி வந்தார். காலையில் பார்த்த ஆளாகவே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்த வீடியோவ எடுத்துடுப்பா. அந்த சீன என்னால பாக்க முடியல, பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன். அதப் போயி புள்ளைங்கள கூட்டிட்டு வந்து பாக்கணும்னு சொல்லிட்டேனே."

தான் பார்த்ததையும், மீதியை மற்றவர்களிடம் கேட்டதையும் சேர்த்து, படத்தில் என்ன வருகிறது என்று அவர்தான் சொன்னார். கதாநாயகன் வேன் ஓட்டுவதெல்லாம் கடைசியில்தான். அதற்கு முன் வில்லனின் ஆட்கள் பிள்ளைகளோடு வரும் ஒரு பள்ளி வேனை நடுரோட்டில் மறிக்கிறார்கள். டிரைவரை வெட்டுகிறார்கள். பிறகு உள்ளே இருக்கும் குழந்தைகளை ஒவ்வொருவராக வெட்டி, வேனுக்கு நெருப்பு வைக்கிறார்கள். பாலத்தின் மேல் பறப்பது அதே மாதிரி இன்னொரு காலி வேன். ட்ரெய்லரில் கடைசித் துண்டை மட்டும் காட்டியிருக்கிறார்கள். நான் செய்த வெட்டு வேலையைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் அவரிடம், "சரிண்ணே, எடுத்துடறேன்" என்றேன். என் கையில் போன் இருந்தது. என் சேனலில் அதுவரை எந்த வீடியோவையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை தொட்டுப் பார்க்கும்போதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் என்னை நம்பி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. அதற்குள் யாரோ என் வீடியோவிலிருந்து அவர் பேசியதை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள், குடும்பத்தோடு போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் திட்ட ஆரம்பித்தார்கள். இந்த ஆளை நம்பியா பிள்ளைகளை வேனில் அனுப்புகிறீர்கள் என்று எழுதி, பெற்றோர் குரூப்புகளில் அனுப்பினார்கள். என் கமெண்ட் பகுதியிலும் அதுவேதான். கமெண்ட் எத்தனை என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் சரியாகப் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் ஸ்டுடியோவுக்குள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். போட்டோ எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலைக் காட்டினேன். அவர் உட்காராமல் போனை நீட்டி, இந்த வீடியோவை எடுத்தது நீங்கள்தானே என்று கேட்டார்.

அவருடைய மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். குரும்பலூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளி. அந்த டிரைவரின் வேனில்தான் தினமும் போகிறாள். நம் வேன்காரரே குழந்தையோடு பார்க்கச் சொல்கிறார் என்று அவருடைய கணவர் ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகன், மகள் மூன்று பேரையும் கூட்டிப் போயிருக்கிறார். பதினெட்டு வயதுக்கு மேல்தான் பார்க்க வேண்டும் என்று படத்துக்குச் சான்றிதழ் இருந்தது. கேட்டில் நிற்பவர் டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாராம். அந்த வேன் சீன் வந்தபோது குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பாதியைப் பார்த்துவிட்டாள், மீதியைக் காதால் கேட்டுவிட்டாள்.

"நேத்து காலைல வேன் வந்து ஹாரன் அடிச்சதும் வாசல் நிலையப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குதுங்க. ஏறுனா வெட்டிடுவாங்கன்னு அழுவுது. இன்னிக்கும் அதே கததான். அந்த அண்ணன எங்களுக்கு அஞ்சு வருசமா தெரியும். எங்க பெரியவனும் அவரு வேன்லதான் போனான். அதப் பாத்துட்டு வந்து ஒரு மனுசன் எப்படிங்க மாஸ்னு சொல்லுவாரு?"

அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. டிரைவர் அப்போது அதைப் பார்க்கவே இல்லை, நான்தான் சொல்ல வைத்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், இத்தனை நாள் நான் போட்ட எல்லா வீடியோவும் இடைவேளையில் எடுத்தவை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். "இப்பவே எடுத்துடறேங்க" என்று சொல்லி, அவர் முன்னாலேயே வீடியோவை அழித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே கம்ப்யூட்டரில் இருந்த என் மனைவி எழுந்து வந்தாள். "இடைவேளையில எடுத்ததுன்னு அந்தம்மாகிட்ட ஏங்க சொல்லல?" என்று கேட்டாள். சேனல் பெயர் கெட்டுவிடும், அது இது என்று ஏதோ சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டைப் போட்டு வைத்தாளே தவிர, சாப்பிட வாங்க என்று கூப்பிடவில்லை.

வீடியோவை அழித்தால் விஷயம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். நடந்தது தலைகீழ். வாட்ஸப்பில் சுற்றியது சுற்றிக்கொண்டேதான் இருந்தது. போதாததற்கு, அந்த டிரைவர் ஆள் வைத்து மிரட்டி வீடியோவை எடுக்க வைத்துவிட்டார் என்று ஒரு கதை கிளம்பியது. அவர் என் கடைக்கு எதிரே வேனை நிறுத்தியதைப் பார்த்த யாரோ கட்டிய கதை. மிரட்டியிருந்தால்கூட நான் வெள்ளிக்கிழமையே எடுத்திருப்பேன். அவர் கெஞ்சிக் கேட்டுவிட்டுப் போனதால்தான் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் குரும்பலூருக்குப் போனேன். வீட்டை விசாரித்துப் போனால், அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளி நேரத்தில் வேன் வீட்டில் நின்றது. பாதிப் பிள்ளைகளுக்கு மேல் வருவதில்லையாம். பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள், அதுவரை வேன் வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க பாக்கலன்னு சொல்ல வேண்டியதுதானேண்ணே" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பாருங்கள்.

"சொன்னேன் தம்பி. ரெண்டாவது பாதி டபுள் மாஸ்னு உன் வாயாலயே சொல்றியே, அதுக்கு என்ன சொல்றங்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினார்.

என்னைத் திட்டவில்லை. சனிக்கிழமை வந்து சொல் என்றும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டு நான் செய்யாததால், மறுபடி கேட்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருக்கலாம். நான் போன வழியே திரும்பி வந்தேன்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் மெமரி கார்டுகளைக் கொட்டித் தேடினேன். வேலை முடிந்த கார்டை உடனே அழித்து வைப்பது எங்கள் பழக்கம். ஆடி மாதம் வேறு வேலை வராததால் அந்தக் கார்டு மட்டும் அழியாமல் இருந்தது. ஹெட்போன் போட்டுக் கேட்டேன். "இன்னும் பாக்கலியே தம்பி" என்று அவர் சொல்வது தெளிவாக இருந்தது. பெல் சத்தமும், வேன் சீன் போய்விடும் என்று அவர் ஓடுவதும் இருந்தன. அவரைக் காப்பாற்ற அது போதும். ஆனால் நடுவில் என் குரலும் இருந்தது. சும்மா அடிச்சு விடுங்கண்ணே என்கிற குரல். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்க எனக்கே கூசியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. என் குரலை மட்டும் வெட்டிவிட்டு, அவர் பேச்சையும் பெல் சத்தத்தையும் ஒட்டி ஒரு வீடியோ தயார் செய்தேன். அதைப் பார்த்தால் அவரே ஆசைப்பட்டு, பார்க்காத படத்துக்குக் கருத்துச் சொன்ன மாதிரி இருக்கும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பத்து வருடமாக எடிட்டிங் பார்க்கிறவள். முதல் தடவை ஓடும்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

"இதுலயும் கை வச்சுட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். நான் அந்த வீடியோவை அழித்துவிட்டு, கார்டில் இருந்ததை அப்படியே லேப்டாப்பில் ஏற்றினேன்.

சனிக்கிழமை பள்ளிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போனேன். ஒரு வகுப்பறையில் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருபது பெற்றோர் வரை உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் இருந்தார். டிரைவர் கதவோரமாக, காக்கிச் சட்டையோடு நின்றார். ஸ்டுடியோவுக்கு வந்த அந்தப் பெண், மகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் இருந்தார். குழந்தை தலையைத் திருப்பாமல் அம்மாவின் தோளிலேயே கிடந்தாள்.

நான் யார் என்று சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு. லேப்டாப்பை மேசையில் வைத்து ஓட விட்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் பார்க்கவில்லை என்று சொல்வது, நான் அடித்து விடச் சொல்வது, அவர் சிரிப்பது, பேசுவது, பெல், ஓட்டம். முடிந்ததும் யாரோ பின்னாலிருந்து மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் போட்டேன். இரண்டாம் தடவை என் குரல் வந்தபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மைக் பிடித்தால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டவன் அன்றைக்குத் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப உங்க வீடியோவுல பேசுற யாருமே முழுசாப் பாத்துட்டுப் பேசுறதில்லையா?" என்று ஒரு அப்பா கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

டிரைவர் அன்று சாயந்திரமே வந்து வீடியோவை எடுக்கச் சொன்னதையும், நான் நாலு நாள் எடுக்காமல் வைத்திருந்ததையும் சொன்னேன். யாரும் மிரட்டவில்லை என்றும் சொன்னேன். நாலு பேர் திட்டினார்கள். திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினார்கள் என்றுதான் சொல்வேன். தலைமையாசிரியை எல்லாரையும் அமைதிப்படுத்திவிட்டு டிரைவரைப் பார்த்து, இவர் சொன்னது இருக்கட்டும், பார்க்காததை நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"தப்புதாங்க மேடம். கேமராவ வச்சுட்டு கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லக் கூச்சமாப் போச்சு" என்றார் அவர். என் மேல் பழியைத் தள்ள நல்ல வாய்ப்பு இருந்தும் தள்ளவில்லை.

வேன் தொடரட்டும் என்று பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பங்கள் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டன. அந்தக் குழந்தையின் அம்மா இரண்டு பக்கமும் சேரவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு டிரைவரிடம் வந்து, "அண்ணா, எனக்கு உங்க மேல கோவம் இல்ல. ஆனா பாப்பா வேனப் பாத்தாலே அழுவுதே, என்ன பண்றது?" என்றார்.

நான் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். என்னால் சரி செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன், கிளம்பலாம் என்று ஒரு நிம்மதி வந்திருந்தது. அந்தப் பெண் கேட்டதும் அந்த நிம்மதி போய்விட்டது. வீடியோவை அழித்துவிட்டேன், உண்மையையும் சொல்லிவிட்டேன், ஆனால் குழந்தையின் மனதில் ஏறியதை எடுக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை.

வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. டிரைவர் அதை உள்ளே கொண்டுவரவில்லை. குழந்தையை அம்மாவே தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தார். வேனைப் பார்த்ததும் அவள் அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். டிரைவர் பக்கத்தில் போகவில்லை. அங்கேயே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு குழந்தைதான் கேட்டாள்.

"வேன் மாமா, நம்ம வேனும் எரியுமா?"

எரியாது என்று சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் அவரிடம் கெஞ்சினேன். நானாக இருந்தால் சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன். அவர் யோசித்தார்.

"தெரியலயே தங்கம். இதுவரைக்கும் எரிஞ்சது இல்ல" என்றார். "எரிஞ்சா எப்படி எறங்கணும்னு மாமாவுக்குத் தெரியும். காட்டட்டா?"

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் எழுந்து போய் வேனின் பின்பக்கத்து அவசரக் கதவைத் திறந்து காட்டினார். மூடினார். மறுபடி திறந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டரை எடுத்துவந்து, நெருப்பு வந்தால் இதை எப்படிப் பிடித்து அடிக்க வேண்டும் என்று சொன்னார். இந்தக் கதவை நீ திறக்கிறாயா என்று கேட்டார். அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டாள். அவளுக்குப் பலம் பத்தவில்லை. அவர் கீழே கை கொடுத்து அழுத்தினார். கதவு திறந்தது. இன்னொரு தடவை என்றாள்.

அன்றைக்கு அவள் வேனில் ஏறவில்லை. திங்கட்கிழமை அம்மாவும் கூடவே ஏறி, பள்ளி வரை போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனார். அடுத்த வாரம் குழந்தை தனியாகப் போனாள். இதை என் மனைவிதான் அந்தப் பெண்ணிடம் போனில் விசாரித்து எனக்குச் சொன்னாள்.

நடந்ததை முழுவதும் சொல்லி என் சேனலில் ஒரு வீடியோ போட்டேன். கார்டில் இருந்ததையும் வெட்டாமல் சேர்த்தேன். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பாதிப் பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் எல்லா சேனல்காரனும் இப்படித்தான் என்றார்கள். அதோடு சேனலை விட்டுவிட்டேன். ஆடியில் இப்போது பழைய கல்யாண கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறேன். அந்த டிரைவரை எப்போதாவது துறையூர் ரோட்டில் பார்ப்பேன். ஹாரன் அடித்துத் தலையசைத்துவிட்டுப் போவார். நின்று பேசுவதில்லை. விட்டுப்போன இரண்டு குடும்பங்கள் திரும்ப வந்தனவா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்து வயதுக் குழந்தை கேட்ட கேள்விக்கு அவர் முதலில் தெரியவில்லை என்றுதான் சொன்னார், அதனால்தான் மீதி சொன்னதை அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். தியேட்டரில் நான் கேட்டபோதும் அவர் முதலில் பார்க்கவில்லை என்றுதானே சொன்னார், அங்கேயே விட்டிருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.